திருவனந்தபுரத்து அடுப்பில் ஆஸ்திரேலியப் பலகாரங்கள்

டிசம்பர் மாதம் பிறந்தவுடன் திருவனந்தபுரத்தின் பல இல்லங்களில் ஒரு மகிழ்ச்சியான பரபரப்பு தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் அப்போது கோடைக்காலம். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. மெல்போர்ன், சிட்னி, பெர்த் முதலிய நகரங்களில் பணிபுரியும் பிள்ளைகள் தம் குழந்தைகளுடன் ஊருக்கு வரும் காலம் அது. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் தமிழ் பேசும் தாத்தா பாட்டிமார் ஒரு மாதத்திற்கு முன்பே முறுக்குக்கும் அதிரசத்திற்கும் மாவு இடிக்க ஏற்பாடு செய்துவிடுகின்றனர்.

முதல் வாரம் இனிதே கழிகிறது. இரண்டாவது வாரத்தில் பேரக்குழந்தை மெல்லக் கேட்கிறது: "பாட்டி, எங்க ஊர் பிஸ்கட் இங்கே கிடைக்காதா?" முறுக்கு பிடிக்காமல் எழுந்த கேள்வி அன்று இது. தான் பிறந்து வளர்ந்த ஊரின் நினைவு அக்குழந்தைக்கும் வந்துவிட்டது; அவ்வளவுதான். ஆயினும் பாட்டிக்கு அக்கேள்வி சற்று வலிக்கவே செய்கிறது. தாம் பெயர்கூடக் கேட்டறியாத ஒரு பண்டத்தைத் தம் பேரக்குழந்தை 'எங்க ஊர்' பண்டம் என்று சொல்கிறதே என்னும் வலி அது.

2021-ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பிறந்து அந்நாட்டில் வாழ்வோர் 6,70,000-க்கும் மேற்பட்டோர். ஆகவே இக்கேள்வி ஓரிரு இல்லங்களுக்கு மட்டும் உரியதன்று. அதற்கு நம் சமையலறையிலேயே விடை காண இயலும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆஸ்திரேலியரின் பழமையான வீட்டுப் பலகாரங்களை நாம் செய்து பார்த்தோம். அவற்றுக்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலானவை சாலைக் கடைத்தெருவில் கிடைப்பவை. சில நம் கொல்லையிலேயே விளைபவை.

இருப்பதைக் கொண்டு சமைத்த மக்கள்

ஆஸ்திரேலிய உணவின் வரலாறு ஐரோப்பியர் வருகையுடன் தொடங்கியதன்று. அம்மண்ணின் தொல்குடியினர் புல் விதைகளைக் கல்லில் அரைத்து, மாவாக்கி, சாம்பலில் சுட்டு உண்டு வந்தனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கட்டி ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் கிடைத்த அரைகற்கள் ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமை உடையவை என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

1788-இல் பிரிட்டிஷார் குடியேறத் தொடங்கினர். பின்னர் உள்நாட்டின் பரந்த மேய்ச்சல் நிலங்களில் ஆடுமாடு மேய்த்தோருக்கு வார உணவுப்படி அளந்து தரப்பட்டது. 10 பவுண்டு மாவு, 10 பவுண்டு இறைச்சி, 2 பவுண்டு சர்க்கரை, கால் பவுண்டு தேயிலை என்பது வழக்கமான அளவு. கடையும் இல்லை, அடுமனையும் இல்லை. மாவில் உப்பும் நீரும் சேர்த்துப் பிசைந்து, விறகுத் தீயின் கங்கில் புதைத்துச் சுட்டனர். அதுவே 'டாம்பர்' என்னும் ரொட்டி. இராஜஸ்தானத்து மக்கள் சாணத் தணலில் சுடும் பாட்டி என்னும் உருண்டையை அறிந்தோர்க்கு இது புதியதன்று.

இவ்வுணவுகளின் இயல்பை உணர இந்த ஒரு பண்டமே போதும். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள், கையில் கிடைத்ததைக் கொண்டு செய்துகொண்ட உணவு இது. எனவே நாம் நம் கையில் கிடைப்பதைக் கொண்டு இதனைச் செய்தால் மரபு பிறழ்ந்துவிடாது.

டாம்பர் செய்முறை: 250 கிராம் மைதாவுடன் இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சலிக்கவும். 40 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்துப் பிசிறவும். ஏறத்தாழ 150 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, மாவு ஒன்றுசேரும் அளவில் நிறுத்தவும். சப்பாத்தி மாவைப் போல் அழுத்திப் பிசைந்தால் ரொட்டி இறுகிவிடும். உருண்டையாக்கி, மேலே கத்தியால் சிலுவைபோல் கீறி, 200 டிகிரி வெப்பத்தில் 25 முதல் 30 நிமிடம் சுடவும். அடிப்பாகத்தைத் தட்டினால் வெற்றுக் குடத்தின் ஓசை எழ வேண்டும். சூடாகப் பிட்டு, வெண்ணெயும் தேனும் தடவி உண்பது வழக்கம்.

முட்டையில்லாத ஆன்சாக் பிஸ்கட்

பேரக்குழந்தை கேட்ட பிஸ்கட் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைப்பிரிவின் பெயர்ச்சுருக்கமே 'ஆன்சாக்'. அப்படையினர் 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கினர். அந்நாள் இன்றும் இரு நாடுகளிலும் நினைவு நாளாகப் போற்றப்படுகிறது. அக்களத்தில் இந்தியப் படையினரும் போரிட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. கழுதை மீது காயமுற்றோரைச் சுமந்து சென்று புகழ்பெற்ற சிம்சன் என்னும் ஆஸ்திரேலியப் படைவீரர், இந்திய மலைப் பீரங்கிப் படையினரின் முகாமிலேயே தங்கியிருந்தார்.

களத்திலிருந்த வீரர்களுக்கு இந்த பிஸ்கட் கப்பலில் அனுப்பப்பட்டது என்பது மக்களிடையே வழங்கும் கதை. உண்மையில் வீரர்கள் உண்டது கல்லைப்போல் இறுகிய வேறொரு பிஸ்கட். ஓட்ஸ் பிஸ்கட்டுகளைப் பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே சந்தைகளில் விற்றுப் போர் நிதி திரட்டினர். முட்டை சேராததால் இது பல நாள் கெடாதிருக்கும். முட்டை உண்ணாத இல்லங்களுக்கும் உகந்ததாகும். முதன்முதல் வந்த செய்முறைகளில் தேங்காய் இல்லை. பின்னரே அது சேர்ந்தது. இன்று தேங்காய் இன்றி இதனை எண்ணிப் பார்க்க இயலாது.

'ஆன்சாக்' என்னும் சொல் ஆஸ்திரேலியச் சட்டத்தால் காக்கப்பட்டது. இப்பெயரில் வணிகமாக விற்போர் மரபான செய்முறையிலிருந்து பெரிதும் விலகுதல் கூடாது. வீட்டுச் சமையலுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. எனினும் இறந்தோரின் நினைவைச் சுமக்கும் பண்டம் என்பதால், ஓட்ஸுக்கு மாற்றாக வேறு தானியம் சேர்க்க வேண்டா என்பதே நம் பரிந்துரை.

தேவையானவை: அவல்போல் தட்டையாக்கப்பட்ட ஓட்ஸ் 100 கிராம், மைதா 150 கிராம், சர்க்கரை 150 கிராம், உலர் தேங்காய்த் துருவல் 65 கிராம், வெண்ணெய் 125 கிராம், பாகு 2 மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, கொதிநீர் ஒன்றரை மேசைக்கரண்டி.

ஆஸ்திரேலியர் சேர்ப்பது 'கோல்டன் சிரப்' என்னும் பொன்னிறச் சர்க்கரைப் பாகு. அது கிடைக்காவிடில் 50 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, விரலில் ஒட்டும் பதம் வரை காய்ச்சி, அதிலிருந்து 2 மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளலாம். கம்பிப் பதத்திற்கு விட்டுவிடலாகாது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வரும் கருப்பட்டியைக் கொண்டும் செய்து பார்த்தோம். நிறம் சற்றுக் கறுத்தது, மணம் மிகுந்தது.

செய்முறை: உலர்ந்த பொருள்களை ஒரு பாத்திரத்தில் கலந்துகொள்ளவும். வெண்ணெயையும் பாகையும் சிறு தீயில் உருக்கவும். கொதிநீரில் சமையல் சோடாவைக் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். இந்நுரையே பிஸ்கட்டை உப்பச் செய்வது. ஆதலால் அது அடங்கும் முன் மாவில் கொட்டிக் கிளறவும். நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக்கி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கி, இலேசாக அழுத்தவும். 160 டிகிரி வெப்பத்தில் 12 முதல் 15 நிமிடம் போதும். எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், தட்டிலேயே ஆறவிட்டால் இறுகிவிடும்.

நம் முதல் முயற்சி பழுதுற்றது. அன்று துருவிய பச்சைத் தேங்காயை அப்படியே சேர்த்தோம். அதிலிருந்த ஈரத்தால் பிஸ்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அடையாகப் பரவின. அடுத்த முறை துருவலை அடிகனத்த வாணலியில் சிறு தீயில், நிறம் மாறாமல், கையில் ஒட்டாது உதிரும் வரை வறட்டினோம், குறை தீர்ந்தது. கொப்பரையைத் துருவிச் சேர்க்கலாமே எனச் சிலர் கருதக்கூடும். அதன் எண்ணெய் மணம் பலகாரத்தின் சுவையை மறைத்துவிடும். முற்றிய தேங்காயின் வெண்மையான பகுதியே ஏற்றது.

பம்பாய் ஆளுநரின் பெயர் தாங்கிய லாமிங்டன்

சதுரமாக வெட்டிய கேக்கைச் சாக்லேட் பாகில் தோய்த்து, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுப்பது லாமிங்டன். 1896 முதல் 1901 வரை குயின்ஸ்லாந்தின் ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் இது வழங்குகிறது. முதலில் செய்த இடம் எது என்பதில் பிரிஸ்பேன், டூவூம்பா ஆகிய ஊர்களிடையே இன்றும் வழக்குண்டு.

இப்பிரபுவுக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. 1903 முதல் 1907 வரை அவர் பம்பாய் மாகாணத்தின் ஆளுநர். மும்பையின் லாமிங்டன் சாலை அவர் பெயரால் அமைந்ததே. 1940 மார்ச் 13 அன்று இலண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உதம் சிங், மைக்கேல் ஓ'டுவையரைச் சுட்டபோது, அங்கிருந்த லாமிங்டன் பிரபுவும் கையில் காயமுற்றார்.

இப்பலகாரத்தின் நுட்பம் ஒன்றே: கேக் முதல் நாளே செய்யப்பட்டிருத்தல் வேண்டும். புதிய கேக் பாகில் தோய்ந்ததும் உடைந்து உதிரும். ஒரு நாள் ஆறிய கேக் உருக்குலையாது. கேக்கை வீட்டில் சுட இயலாதோர், தெருவுக்குத் தெரு பேக்கரி உள்ள இவ்வூரில் கவலையுறத் தேவையில்லை. சாதாரண வெண்ணிலா கேக் 400 கிராம் வாங்கி, 4 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைக்கவும். 250 கிராம் பொடித்த சர்க்கரை, 30 கிராம் கோக்கோ ஆகியவற்றைச் சலித்து, 20 கிராம் வெண்ணெயும் 100 மில்லி சூடான பாலும் சேர்த்துக் கரைக்கவும். தோசை மாவைவிடச் சற்று நீர்த்திருக்க வேண்டும். முள்கரண்டியால் துண்டைத் தோய்த்து, வடியவிட்டு, வறட்டிய தேங்காய்த் துருவலில் புரட்டி, 2 மணி நேரம் உலரவிடவும்.

ஆஸ்திரேலியாவில் பள்ளிகளும் சாரணர் குழுக்களும் லாமிங்டன்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக விற்று நிதி சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். ஒருவர் தோய்க்க, ஒருவர் புரட்ட, ஒருவர் அடுக்க என்று பலர் கூடிச் செய்யும் வேலை இது. புரட்டும் பணியைப் பேரக்குழந்தைகளிடம் ஒப்படைக்கலாம். கையும் முகமும் சாக்லேட் ஆகும்; பாதகமில்லை.

பாரமுண்டி என்னும் நம் கொடுவா

மீன் உண்ணும் இல்லங்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலிய உணவகங்களில் பெருமதிப்புடன் பரிமாறப்படும் 'பாரமுண்டி' வேறொரு மீனன்று. நாம் கொடுவா என்றும், மலையாளத்தில் காளாஞ்சி, நரிமீன் என்றும் அழைக்கும் அதே மீன். பாரமுண்டி என்பது குயின்ஸ்லாந்துத் தொல்குடி மொழியிலிருந்து வந்த சொல். பெரிய செதில்களையுடைய ஆற்றுமீன் என்பது அதன் பொருள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் இம்மீனைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது.

அந்நாட்டின் வடபகுதித் தொல்குடியினர் காகிதம்போல் உரியும் மரப்பட்டையில் மீனைச் சுற்றித் தணலில் சுடுவர். கேரளத்தில் கரிமீனை வாழையிலையில் பொதிந்து வாட்டுவதும் இதே முறைதான். எனவே கொடுவாத் துண்டுகளில் உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை மட்டும் தடவி, அனலில் வாட்டிய வாழையிலையில் சிறிது வெண்ணெயுடன் மடித்துக் கட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் ஒரு பக்கத்திற்கு 6 முதல் 8 நிமிடம் வைக்கவும். மிளகாயும் மசாலாவும் வேண்டா. காரம் பழகாத குழந்தைக்கும் பழகிய தாத்தாவுக்கும் ஒரே தட்டில் பரிமாறக்கூடிய உணவாக இது அமையும்.

மழைநாளில் செய்யலாகாத பாவ்லோவா

முட்டை வெண்கருவும் சர்க்கரையும் நுரையாக அடித்துச் சுட்டு, மேலே பாலேடும் பழங்களும் இடுவது பாவ்லோவா. 1926-இலும் 1929-இலும் ஆஸ்திரேலியாவில் ஆடிய உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் பெயர் கொண்டது. இதனை முதலில் செய்தது யார் என்பதில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் உடன்படவில்லை. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், பாவ்லோவாவின் நட்பையும் ஆஸ்திரேலியாவுக்கு அவருடன் ஒரே கப்பலில் பயணம் செய்யும் வாய்ப்பையும் பெற்றவர். தம் நாட்டு நடனத்தையும் கற்குமாறு பாவ்லோவா அவருக்குக் கூறிய அறிவுரை, 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்ரா தோன்றுவதற்குரிய தூண்டுதல்களுள் ஒன்று.

4 முட்டையின் வெண்கருவை ஈரமோ எண்ணெயோ இல்லாத பாத்திரத்தில் அடித்து, 220 கிராம் மென்பொடிச் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கவும். நுரை பளபளத்துக் கூம்பாக நிற்கும்போது, 2 தேக்கரண்டி கார்ன்ஃப்ளவர் மாவும் ஒரு தேக்கரண்டி வினிகரும் கலந்து, வட்டமாகப் பரப்பவும். 120 டிகிரி வெப்பத்தில் 75 முதல் 90 நிமிடம் சுட்டு, அடுப்பினுள்ளேயே ஆறவிடவும்.

சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். கடலோர நகரமான திருவனந்தபுரத்தில், அதிலும் இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும், இப்பண்டம் சில மணி நேரத்திலேயே கசிந்து தளர்ந்துவிடும். குழந்தைகள் வரும் டிசம்பர், ஜனவரி மாதங்களே இதற்கு ஏற்றவை. அப்போதும் பாலேட்டையும் பழத்தையும் பரிமாறும் தறுவாயில்தான் இடுதல் வேண்டும். மாம்பழப் பருவம் வாராவிடில் பேஷன் பழமும் அன்னாசியும் போதும்.

மின்னடுப்பு இல்லாத இல்லத்தில்

ஓரிரு பலகாரங்களுக்காக மின்னடுப்பு வாங்குதல் வேண்டா. அடிகனத்த பெரிய வாணலியில் ஓரங்குல உயரம் கல்லுப்பைப் பரப்பி, நடுவில் ஒரு தாங்கியை வைத்து, இறுக மூடி 10 நிமிடம் சூடேற்றவும். பின்னர்த் தட்டை உள்ளே வைத்து, மூடி, தீயைக் குறைக்கவும். ஆன்சாக் பிஸ்கட்டுகளை இம்முறையில் ஒரு தடவைக்கு நான்கைந்தாகச் சுடலாம். 18 முதல் 20 நிமிடம் ஆகும். டாம்பரைச் சிறு உருண்டைகளாக்கிச் சுட்டால் உள்ளே நன்கு வேகும். லாமிங்டனுக்குக் கடைக் கேக் போதும். கொடுவாவுக்குத் தோசைக்கல் போதும். பாவ்லோவாவுக்கு மட்டும் வெப்பத்தைச் சீராகக் காக்கும் மின்னடுப்பு இன்றியமையாதது. அவ்வுப்பை ஆறவைத்துப் புட்டியில் சேமித்தால் பலமுறை இதற்கே பயன்படுத்தலாம்.

பிள்ளைகளைக் காணப் பெற்றோர் அங்குச் செல்வதும் உண்டு. ஆஸ்திரேலியா தன் பயிர்களையும் கால்நடைகளையும் நோயினின்று காப்பதில் மிகக் கண்டிப்பான நாடு. எடுத்துச் செல்லும் உணவுப்பொருள் எதுவாயினும் பயணியர் வருகைப் படிவத்தில் மறைக்காது அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறினால் தண்டத்தொகை பெரிது. பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், விதைகள் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்வதே நலம்.

ஒரே மேசையில் இரண்டு ஊர்கள்

பேரக்குழந்தைக்காக ஒரு பிஸ்கட் சுடுவதால் நம் மரபு எதனையும் இழப்பதில்லை. ஆன்சாக் பிஸ்கட்டின் பாகு, அதிரசப் பாகுக்கு ஒரு படி முந்திய பதம்தான். அதனை விரலில் தொட்டுப் பார்க்கக் குழந்தைக்குக் கற்றுத் தந்தால், 'பதம்' என்னும் சொல்லும் அதனுடன் சேர்ந்து அதன் நாவில் ஏறும். அடுத்த நாள் அதே வெல்லத்தைச் சற்று மிகுதியாகக் காய்ச்சி அதிரசம் சுடலாம். பாட்டி தன் ஊர்ப் பலகாரத்தைக் கற்றுக்கொண்டதைக் கண்ட குழந்தை, பாட்டியின் பலகாரத்தைக் கற்கவும் மனமுவந்து அருகில் வந்து அமரும்.

ஜனவரி இறுதியில் விடுமுறை முடிந்து அவர்கள் புறப்படும்போது, ஒரு டப்பாவில் அதிரசமும் மற்றொன்றில் ஆன்சாக் பிஸ்கட்டும் வைத்துத் தாருங்கள். பயணப் படிவத்தில் இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள். இவ்விரண்டில் எது எந்த ஊர்ப் பலகாரம் என்று எவரேனும் கேட்டால், இரண்டுமே எங்கள் பாட்டி வீட்டுப் பலகாரம் என்று அக்குழந்தை சொல்லக்கூடும்.